எப்படிப் போனார் மடிப்பக்கா?

இந்த இரங்கல் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் மருத்துவமனைக் கண்காணிப்பாளர் அவர்களே, மேடையில் வீற்றிருக்கும் மருத்துவர்களே, சங்கத் தலைவரே, முதல் வரிசையில் இருக்கும் மடிப்பக்காவின் மகளே, மூன்று ஷிஃப்டிலிருந்தும் வந்திருக்கும் தோழர்களே, பின்னால் நின்று காதோடு காதாகப் பேசிக்கொண்டிருக்கும் நண்பர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

பின்னால் நிற்பவர்களைத் தனியாக வணங்கக் காரணம் உண்டு. அவர்கள் என்ன பேசுகிறார்கள் என்பது எனக்குத் தெரியும். ஒன்பது நாளாக இந்த மருத்துவமனை முழுக்க அதே பேச்சுதான். "உண்மையிலே எப்படிப் போனாங்க?"

இருபத்தெட்டு ஆண்டுகள் நம் சலவைக்கூடத்தைக் கட்டிக் காத்த மேற்பார்வையாளர் அம்மையாரை நாம் யாரும் பெயர் சொல்லி அழைத்ததில்லை. மடிப்பக்கா என்றோம். அவர் மடித்த விரிப்பு கத்தி போல நிற்கும். பழைய சலவை இயந்திரம் பழுதான அந்த நான்கு நாளும் பிரசவ வார்டுக்கு ஒரு விரிப்புகூடக் குறையாமல் கையாலேயே துவைத்து அனுப்பியவர் அவர். அப்படிப்பட்டவரைப் பற்றி நமக்கு எத்தனை சந்தேகங்கள்!

மற்றவர்களை விடுங்கள். முதல் சந்தேகக்காரன் நான். ஸ்டோர்காரன்.

பதினான்கு ஆண்டுக்கு முன் நடந்தது இது. அக்காவின் கணவர் தவறி ஓராண்டு ஆகியிருந்தது. முதல் மாதம் எல்லோரும் அவர் வீட்டுக்குச் சாப்பாடு கொண்டுபோனோம். மூன்றாம் மாதம் "மனசத் தேத்திக்கோங்க" என்றோம். ஆறாம் மாதம் "இன்னுமா?" என்றோம். அதன் பிறகு கேட்பதையே நிறுத்திவிட்டு, பேச ஆரம்பித்தோம்.

மதியம் ஆனால் அக்கா மடிப்பறைக்குள் போய் உள்ளே தாழ் போட்டுக்கொள்வார். அரைமணி நேரம். தூங்குகிறார் என்றார்கள். போனில் யாருடனோ பேசுகிறார் என்றார்கள். விரிப்பு திருட்டுத்தனமாக வெளியே போகிறது என்றும் சொன்னார்கள். ஒருநாள் நான் கதவில் காதை வைத்துக் கேட்டேன். ஒரு சத்தமும் இல்லை. சத்தம் இல்லாததே எனக்குச் சந்தேகத்தைக் கூட்டியது. அன்று மாலையே நிர்வாகத்துக்கு ஒரு மொட்டைக் கடிதம் எழுதினேன்.

ஆம், அதை எழுதியவன் நான்தான். பதினான்கு ஆண்டு கழித்து இந்த மேடையில்தான் அதற்குக் கையெழுத்துப் போடுகிறேன்.

அதோடும் நிறுத்தினேனா? ஒரு வியாழன் விட்டு ஒரு வியாழன் அக்கா அரைநாள் விடுப்பில் நல்ல உடை உடுத்திப் புறப்படுவார். எங்கே? அதைக் கண்டுபிடிக்கவும் ஒரு கதாநாயகன் வேண்டாமா? நானும் விடுப்புப் போட்டேன். அதே பேருந்தில் நான்கு இருக்கை தள்ளி உட்கார்ந்தேன். ஒன்றரை மணி நேரப் பயணம். பக்கத்து ஊரில் இறங்கி, ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையின் பக்கவாட்டுப் படியில் ஏறினார். நானும் ஏறினேன். மேலே ஒரு சின்னக் கூடம், பிளாஸ்டிக் நாற்காலிகள், சுவரில் மனநல மருத்துவரின் பெயர்ப்பலகை.

அக்கா திரும்பிப் பார்த்தார். கோபமே இல்லை.

"வாங்க ஸ்டோர்காரரே. இவ்வளவு தூரம் டிக்கெட் எடுத்து வந்திருக்கீங்க, சும்மா போகாதீங்க. நம்பர் போடுறாங்க, நீங்களும் ஒண்ணு வாங்கிக்கோங்க."

நான் கூனிக் குறுகி நின்றேன். நம் மருத்துவமனையில் இரண்டு மாடி ஏறினால் மனநல மருத்துவர் இருக்கிறார். அதை விட்டு ஒன்றரை மணி நேரம் ஏன் பேருந்தில் வந்தார்? நமக்குப் பயந்துதான். நம் கண்ணுக்கும் வாய்க்கும் பயந்துதான்.

அன்று அந்த நாற்காலியில் உட்கார்ந்து அவர் சொன்னதை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை. "வீட்டுக்காரர் போன துக்கம் வேற, இது வேற. துக்கத்துக்கு ஒரு ஆள் இருக்கு. இன்னாரை நினைச்சு அழறேன்னு சொல்லலாம். இதுக்கு ஆளே இல்ல. காலையில பல் தேய்க்கணும்னு நினைச்சாலே மலை ஏறச் சொன்ன மாதிரி இருக்கு. அந்த ரூமுக்குள்ள போறதே, அழுதா கொஞ்சம் தேவலையா இருக்குமேன்னுதான். அழுகை வர மாட்டேங்குது."

இதைத்தான் நான் கதவுக்கு வெளியே நின்று சந்தேகப்பட்டேன்.

பிறகு கொஞ்சம் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "ஆபீஸ்ல அந்த மொட்டைக் கடுதாசியைக் காட்டினாங்க. நீங்க 'ழ' எழுதுற விதம் எனக்குத் தெரியாதா? தினமும் உங்க ஸ்டோர் சீட்டைத்தானே படிக்கிறேன். கடுதாசி எழுதின நேரத்துக்கு, என்னக்கா ஆச்சுன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

தோழர்களே, மாத்திரை வேலை செய்யவே பல வாரங்கள் ஆயின. முதல் மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை, வாய் வறண்டது, கை நடுங்கியது. மாற்றினார்கள். மெல்ல மெல்லத்தான் எழுந்தார். எழுந்தவர் என்ன செய்தார் தெரியுமா? நம்மில் யார் காரணம் சொல்லாமல் வேலைக்கு வராமல் போனாலும், வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் அவர்கள் வீட்டுக்குப் போக ஆரம்பித்தார். புத்தி சொல்ல மாட்டார். "குளிச்சியா? சாப்பிட்டியா? தூங்குனியா?" இந்த மூன்று கேள்விதான். பதில் சரியில்லை என்றால், டாக்டரிடம் தானே அழைத்துப் போவார். அப்படி எத்தனை வீடு, எத்தனை வெள்ளிக்கிழமை என்று எனக்கே தெரியாது.

இந்தப் பெருமாட்டி ஒன்பது நாளுக்கு முன், காலை ஆறே முக்கால் மணிக்கு, பேருந்து நிறுத்தத்தில் சாய்ந்தார். உடனே கிளம்பிவிட்டது பேச்சு. "மாத்திரை சாப்பிடுற பொம்பளையாச்சே." "அதிகமாப் போட்டிருப்பாங்க." உண்மையைச் சொல்கிறேன், எனக்கும் அந்த நினைப்பு வந்தது. பதினான்கு ஆண்டு பழகியும், அவரிடமிருந்து அத்தனை கற்றும், எனக்கும் வந்தது. சந்தேகம் எவ்வளவு சுலபமாக வருகிறது பார்த்தீர்களா?

அக்காவின் மகள் நேற்று என்னிடம் சொன்னாள்: "மாமா, மேடையில நீங்களே சொல்லிடுங்க. மூளையில ரத்தக் கசிவு, டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கார். அம்மா மாத்திரை சாப்பிட்டாங்க. பதினாலு வருஷம் ஒழுங்கா சாப்பிட்டாங்க. அதையும் மறைக்காம சொல்லுங்க."

சொல்லிவிட்டேன். ஒருவேளை அந்த மனச்சோர்வு நோய்தான் அவரைக் கொண்டுபோயிருந்தால், நம் மரியாதை ஒரு துளி குறைந்திருக்க வேண்டுமா? கூடாது. அப்படியானால் உண்மைக்காக ஏன் இத்தனை பாடு? காரணம் இருக்கிறது.

நம்மில் ஒருவர் சில வாரங்களாக வேலைக்கு வரவில்லை. அவர் சம்மதத்தோடுதான் சொல்கிறேன். பெயரைச் சொல்லக் கூடாது என்பது அவர் போட்ட நிபந்தனை. அக்கா அவர் வீட்டுக்கு மூன்று வெள்ளிக்கிழமை போனார். மூன்றாவது முறைதான் கதவே திறந்தது. "நானும் இதே குழியிலதான் கிடந்தேன், ஏறி வந்துட்டேன் பாரு" என்று சொல்லியிருக்கிறார். அதை நம்பி அந்த மனிதர் மாத்திரை சாப்பிட ஆரம்பித்தார்.

அக்கா போன மறுநாள் இங்கிருந்து ஒருவர் அவருக்குப் போன் செய்திருக்கிறார். "உனக்குப் புத்தி சொல்ல வந்த அக்கா தன்னையே முடிச்சுக்கிட்டாங்க, தெரியுமா?"

அன்றோடு அவர் மாத்திரையை நிறுத்திவிட்டார்.

வெள்ளிக்கிழமை நானும் அக்காவின் மகளும் போனோம். கதவு திறக்கவில்லை. உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது.

"அண்ணே, அக்காவே ஏற முடியாம விழுந்துட்டாங்கன்னா, நான் எதுக்கு?"

நான் சொன்ன எதையும் அவர் நம்பவில்லை. ஏன் நம்ப வேண்டும்? நான் மொட்டைக் கடிதம் எழுதியவன். அக்காவின் மகள்தான் கதவருகே தரையில் உட்கார்ந்தாள். தாயை இழந்து ஒரு வாரம்கூட ஆகாத பெண். "அண்ணே, அன்னிக்குக் காலையிலகூட எங்கம்மா எங்கிட்ட சண்டை போட்டாங்க. குடை எடுக்கலன்னு. சாகணும்னு நினைக்கிறவங்க குடைக்குச் சண்டை போடுவாங்களா? அம்மா கடைசி வரைக்கும் ஏறிக்கிட்டுத்தான் இருந்தாங்க" என்றாள். சொல்லிவிட்டு அழுதாள்.

அந்த அழுகையைக் கேட்டுத்தான் கதவு திறந்தது. மறுநாள் நானே அவரை டாக்டரிடம் அழைத்துப் போனேன். மாத்திரையை மறுபடி தொடங்கியிருக்கிறார்.

அவர் இந்த அரங்கில் இருக்கிறாரா என்று தேடாதீர்கள். தயவுசெய்து திரும்பிப் பார்க்காதீர்கள்.

மடிப்பக்காவுக்குப் படம் திறக்கலாம், அறைக்குப் பெயர் சூட்டலாம், நிர்வாகம் யோசிக்கட்டும். என்னால் ஆனதை நான் சொல்கிறேன். இனி வெள்ளிக்கிழமை தோறும் அந்த வேலை என்னுடையது. அக்காவின் பொறுமை எனக்கு வராது. அந்த மூன்று கேள்வியையும் கேட்பதற்கு மட்டும் பழகிக்கொள்வேன்.

அந்தப் போனைச் செய்தவர் இங்கேதான் இருக்கிறார். யார் என்று எனக்குத் தெரியும். யாரிடமும் சொல்ல மாட்டேன். தம்பி, உன்னை எனக்கு நன்றாகப் புரிகிறது, நானும் நீ நின்ற இடத்தில் நின்றவன்தான். வரும் வெள்ளி மாலை நான்கு மணிக்குப் பின்வாசலில் இருப்பேன். நாலரை வரை காத்திருப்பேன். நீயும் வா, சேர்ந்து போவோம்.