பன்னிரண்டு பிரதிகளும் ஒரு தகடும்

நீங்கள் கொடுத்த தாள் மலிவானது. இரண்டு மழைக்காலம் தாண்டினால் ஓரத்தில் மஞ்சள் ஏறும். ஐந்து வருடத்தில் மடித்த இடத்தில் முறியும். குறையாகச் சொல்லவில்லை. எந்தத் தாளைப் பார்த்தாலும் முதலில் அதைத்தான் யோசிக்கிறேன்.

எனக்குப் பேச வராது மேடம். நேற்று நீங்கள் கேட்டதற்கு ஓரிரு பதிலுக்கு மேல் சொல்லாமல் தலையைக் குனிந்துகொண்டிருந்தது திமிர் இல்லை. எழுதித் தருகிறேன் என்று கேட்டேன். ஒத்துக்கொண்டீர்கள். நன்றி.

பெயர் ஜெனிஷா. வயது இருபத்தாறு. எம்.எஸ்சி. வேதியியல். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் முலாம் பூசும் ஒரு கம்பெனியில், லேபில் வேலை. மேனாம்பேட்டில் அப்பா அம்மாவோடு இருக்கிறேன். என் கட்டிலுக்கு அடியிலிருந்து நீங்கள் எடுத்த அட்டைப் பெட்டியில் பன்னிரண்டு படங்கள் இருந்தன. பன்னிரண்டும் ஒரே படம். “ஒண்ணையே எதுக்குமா பன்னெண்டு வச்சிருக்கே, சீட்டாடவா?” என்று உங்கள் ஏட்டு கேட்டார். அவர் சிரித்ததில் தவறில்லை. படம் சேர்ப்பவர்கள் விதவிதமாகத்தான் சேர்ப்பார்கள்.

அந்தப் படம் எப்படி அச்சாகிறது என்பதைச் சொன்னால்தான் மற்றது புரியும். செப்புத் தகட்டின் மேல் மெழுகு பூசி, ஊசியால் அதைக் கீறிப் படம் வரைவார்கள். பிறகு தகட்டை அமிலத்தில் போடுவார்கள். கீறிய இடத்தை மட்டும் அமிலம் அரிக்கும். அந்தப் பள்ளங்களில் மை தேய்த்து, ஈரத் தாளை வைத்து அழுத்தி எடுத்தால் எட்சிங். தகட்டில் இடது பக்கம் இருப்பது தாளில் வலது பக்கம் வரும். எத்தனை பிரதி என்று முன்பே முடிவு செய்து, ஒவ்வொன்றின் கீழும் பென்சிலால் எண் போடுவார்கள். பன்னிரண்டில் ஏழாவது என்றால் 7/12. கடைசிப் பிரதி எடுத்ததும் தகட்டின் குறுக்கே ஆழமாக ஒரு கோடு இழுத்துவிட வேண்டும். அதன் பிறகு யாரும் அதிலிருந்து நல்ல பிரதி எடுக்க முடியாது. வாங்கியவர்களுக்குக் கொடுக்கும் வாக்கு அது.

ஷோபனா அக்கா அந்தக் கோட்டை இழுக்கவில்லை. எல்லாம் அங்கேதான் ஆரம்பித்தது என்று நான் நீண்ட நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவர் முகப்பேரில் ஒரு பள்ளியில் டிராயிங் மிஸ். இரண்டு வருடம் முன்பு அந்தப் பள்ளி ஹாலில் அவருடைய அச்சுப் படங்களை வைத்திருந்தார்கள். வண்ண மரக்கட்டை அச்சுகளைச் சுற்றித்தான் கூட்டம். மூலையில் உள்ளங்கை அகலத்துக்கு இந்த எட்சிங் தொங்கியது. அம்பத்தூர் ரயில் நிலையம். மேலே பெயர்ப்பலகை. பிளாட்பாரத்தின் கோடியில், எல்லோரையும் விட்டுத் தள்ளி, ஒற்றைப் பின்னல் போட்ட ஒரு பெண் முதுகைக் காட்டி நிற்கிறாள். தோளில் பை. பை இழுத்ததால் ஒரு பக்கம் சாய்ந்த தோள்.

கல்லூரிக்குப் போன ஐந்து வருடமும் நான் நின்ற இடம் அது. அப்படித்தான் நிற்பேன். என் பை எப்போதும் இடது தோளில் இருக்கும். படத்தில் வலது தோளில் இருந்தது. ஒரு நிமிடம் ஏமாற்றமாக இருந்தது. பிறகு, எட்சிங் இடம் வலமாகத் திரும்பும் என்று பக்கத்தில் எழுதி ஒட்டியிருந்ததைப் படித்தேன். சரியாகிவிட்டது.

நான் அங்கேயே நிற்பதைப் பார்த்து அவர் வந்தார்.

“இன்னாம்மா, அம்மாந்நேரமா இதையே பாக்கறே? புடிச்சிருக்கா?”

தலையை ஆட்டினேன்.

“அப்ப எடுத்துக்க. உனக்கு ஏழாம் நம்பர் போட்டுத் தரேன்.”

அவர் என்னை அடையாளம் கண்டுகொண்டார் என்று நினைத்தேன். இது நானா என்று கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியம் இருப்பதாகத் தோன்றவில்லை. என்னை அதுவரை யாரும் அவ்வளவு கவனித்துப் பார்த்ததில்லை.

அதன் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் கள்ளிக்குப்பத்தில் அவர் வீட்டுக்குப் போனேன். தனியாக இருந்தார். நான் லேபில் வேலை செய்கிறேன் என்றதும் அமிலம் கலக்கும் வேலையை என்னிடம் விட்டுவிட்டார். “இன்னா டாக்டரம்மா, மருந்து கலக்கியாச்சா?” என்பார். எவ்வளவு தண்ணீருக்கு எவ்வளவு அமிலம் என்று ஒரு நாளும் சரிபார்த்ததில்லை. அமிலத் தட்டு பின்கட்டில், தகரக் கூரைக்குக் கீழே, காற்றோட்டமாக இருக்கும். தகட்டின் மேல் குமிழிகள் வரும்போது குனிந்து நின்று ஒரு கோழி இறகால் மெல்லத் தள்ளிவிடுவார். குழந்தைக்குத் தலை கோதுவது போல இருக்கும். அமிலத்தில் கிடந்தவை வேறு தகடுகள். என் தகடு மேல் அலமாரியில், பழைய புடவைத் துணியில் சுற்றி இருந்தது.

மற்ற பதினொரு பிரதிகளை ஏன் தேடிப் போனேன் என்று கேட்டீர்கள். என்னை யாராவது பார்த்துக்கொண்டிருப்பது எனக்குப் பிடிக்காது. முகப்பேரில் ஒரு பல் டாக்டர் நாலாவது பிரதியைக் காத்திருப்பு அறையில் மாட்டியிருந்தார். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வரிசையில் உட்கார்ந்தவர்கள் என் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதைத் தாங்க முடியவில்லை. கேட்டேன், கொடுத்துவிட்டார். பெரும்பாலானோர் உடனே கொடுத்தார்கள். யாருக்கும் அது பெரிய பொருளாக இல்லை என்பது எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

கொடுக்க மறுத்தவர் ஒருவர்தான். ஆவடி இக்னேஷியஸ் அங்கிள். ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் மாதா கோயிலுக்குத்தான் வருவார்.

“இது ரிட்டையர்மெண்டுக்கு என் கூட வேலை செஞ்ச பசங்க வாங்கிக் குடுத்ததும்மா. மோதிரம் வேணாம், படம் குடுங்கடான்னு நான்தான் கேட்டேன். தர மாட்டேன்.”

“பூஞ்சை புடிச்சிருக்கு அங்கிள். சுத்தம் பண்ணித் தரேன்.”

“அப்படியா? எனக்கு ஒண்ணும் தெரியலியே.”

“இப்பத் தெரியாது. பரவினாத்தான் தெரியும்.”

பூஞ்சை இல்லை. இரண்டு வாரத்தில் நல்ல தாளில் ஒரு கலர் ஜெராக்ஸ் எடுத்து, அதே கண்ணாடிச் சட்டத்தில் போட்டுக் கொடுத்தேன். பழைய டப்பா நிறைய முறுக்கு கொடுத்து அனுப்பினார். அதை நான் சாப்பிடவில்லை. ஒரு வகையில் முதல் தவறு அது என்று சொல்லலாம்.

அது ஜெராக்ஸ் என்று அவர் எப்படிக் கண்டுபிடித்தார் என்பது பிறகுதான் தெரிந்தது. தகடு அழுந்திய விளிம்பு எட்சிங்கில் மெல்லிய பள்ளமாகத் தெரியும். முப்பது வருடம் இரும்பின் வழவழப்பை நகத்தால் உரசிப் பார்த்தவர், கண்ணாடியைத் துடைக்கக் கழற்றியபோது வெறுமனே தடவியிருக்கிறார். பள்ளம் இல்லை. அதைக் கேட்கத்தான் அக்கா வீட்டுக்கு வந்திருக்கிறார். அப்போது வாசலில் நீங்கள் நின்றிருந்தீர்கள். என் பெயரைச் சொல்லிவிட்டார்.

அக்டோபரில் ஒரு நாள் அக்கா சொன்னார்.

“ஜெனி, அந்த ஸ்டேஷன் படத்துல ஒரு காப்பி கூட கெடைக்கல. பல் டாக்டர் குடுத்துட்டேன்றாரு. ஆவடி பெரியவரு தர மாட்டேன்றாரு, மத்தவங்க எல்லாரும் குடுத்துட்டேன்றாங்க. எவளோ ஒரு பொண்ணாம். ஒரு பைத்தியம் மொத்தத்தையும் வாரிகினு போயிருக்குது.”

சொல்லிவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

“எதுக்குக்கா இப்போ?”

“பொங்கலுக்கு ஒருத்தருக்குக் குடுக்கணும். உன் கைல ஏழாவது கீது, தெரியும். அத்த கேக்க மாட்டேன். குடுத்தது குடுத்ததுதான்.”

அன்று என் பெட்டியில் பன்னிரண்டும் இருந்தன. ஒன்றைக் கொடுத்திருந்தால் அவர் இன்று உயிரோடு இருப்பார். இந்தக் கணக்கைத் தினமும் போட்டுப் பார்க்கிறேன். விடை மாறுவதில்லை.

அவர் அலமாரியிலிருந்து தகட்டை எடுத்தார். கோடுகள் மங்கிவிட்டன, இன்னொரு முறை அமிலத்தில் போட்டு ஆழமாக்கிவிட்டால் முப்பது பிரதி எடுக்கலாம் என்றார். நான் வாக்கைப் பற்றிச் சொன்னேன். பன்னிரண்டு என்று எழுதிவிட்டு முப்பது போடக் கூடாது என்றேன்.

“நீ கோடு போடு, கோடு போடுன்னு உசிர எடுத்தே. நல்லவேளை போடல. ரெண்டாம் பதிப்புன்னு எழுதிட்டா போச்சு, போடி.”

நவம்பர் சனிக்கிழமை மதியம். மூன்று நாளாக மழை. பின்கட்டில் முழங்கால் தண்ணீர். அமிலத் தட்டை உள்ளே, சின்ன அறைக்குக் கொண்டுவந்தோம். சாரல் அடித்ததால் ஜன்னலைச் சாத்தச் சொன்னார். சாத்தினேன். அமிலத்தில் தண்ணீர் மிகக் குறைவாகக் கலந்தேன். என் எண்ணம் தகட்டைப் பற்றியது மட்டும்தான். கோடுகள் அகன்று ஒன்றோடொன்று கலந்துவிடும். அந்தப் பெண் இருக்க மாட்டாள். முப்பது சுவர்களில் நிற்க மாட்டாள். பெயர்ப்பலகையின் மேல் அமிலம் தொடாதபடி அக்கா வார்னிஷ் பூசியிருந்தார். அது தெளிவாகவே இருக்கிறது, அரிக்க வேண்டாம் என்றார்.

தகட்டைப் போட்டதும் கொதித்தது. பழுப்பு நிறப் புகை எழுந்தது.

“இன்னா ஜெனி, டீ கலர்ல வருது?”

நான் வாசற்படியில் நின்றிருந்தேன். துப்பட்டாவால் மூக்கை மூடியிருந்தேன். வெளியே வாங்க அக்கா என்று ஒருமுறை சொன்னேன். எனக்குச் சத்தமாகப் பேச வராது.

“தகடு போயிடும்டி. இரு, இரு.”

இறகைப் போட்டுவிட்டுக் குனிந்து இடுக்கியால் துழாவினார். எடுக்க இரண்டு நிமிடம் ஆனது. அதற்குள் படம் போய்விட்டிருந்தது.

வெளி அறைக் கட்டிலில் உட்கார்ந்து நிறைய இருமினார். அரை மணி நேரத்தில் இருமல் அடங்கியது. டீ போட்டுக் கொடுத்தேன். குடித்தார். அந்தப் புகை அப்படித்தான். அடங்கியது போல இருக்கும். ஏழெட்டு மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோக்கும். எங்கள் கம்பெனிச் சுவரில் சிவப்பில் எழுதி மாட்டியிருக்கிறார்கள்: நெடி ஏறினால், நன்றாக இருப்பதாகத் தோன்றினாலும், உடனே மருத்துவமனை. போன வருடம் ராமன் என்ற ஆபரேட்டருக்கு அப்படி ஆனது. எனக்கு ஒண்ணுமில்ல, வீட்டுக்கு விடுங்க என்று அவர் கெஞ்சினார். ஆட்டோவில் கூட்டிக்கொண்டு போய் ஒரு நாள் முழுக்கப் படுக்க வைத்தது நான்தான். பிழைத்துக்கொண்டார்.

“ஆஸ்பத்திரிக்கு ஒரு எட்டு போயிட்டு வரலாமா?” என்று அக்கா கேட்டார்.

“வேணாம்கா. இது சரியாயிடும். வெந்நீர் குடிச்சிட்டுப் படுங்க” என்றேன்.

“நீ சொன்னா சரி, டாக்டரம்மா.”

தகட்டைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அக்கா வீட்டுக்குப் போனபோது எதிர் வீட்டு சரசா அக்கா வாசலில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார்.

ஏன் வேண்டாம் என்று சொன்னாய் என்று நேற்று மூன்று முறை கேட்டீர்கள். பயந்துவிட்டேன் என்றேன். ஆஸ்பத்திரியில் அமிலம் எவ்வளவு கலந்தது என்று கேட்பார்கள், நான் மாட்டிக்கொள்வேன் என்றேன். நீங்கள் நம்பினீர்கள். எழுதிக்கொண்டீர்கள்.

பிறகு மேசையில் தகட்டையும் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தீர்கள். ஓவியம் பற்றி ஒன்றும் தெரியாது என்று சொல்லிக்கொண்டே பார்த்தீர்கள். தகட்டில் உருவம் இருந்த இடம் ஒரே குழியாக இருந்தது. பெயர்ப்பலகை மட்டும் மிச்சம்.

“தகட்டுல அம்பத்தூர்ங்கிறது திரும்பி இருக்கு. படத்துல நேரா இருக்கு. அப்போ அந்த அம்மா எல்லாத்தையும் திருப்பிப் போட்டுதானே வரைஞ்சிருக்காங்க, அச்சுல சரியா வரணும்னு? படத்துல பை வலது தோள்ல இருந்தா, நின்னவளுக்கும் வலது தோள்லதானே இருந்திருக்கும்?”

இரண்டு வருடம் தினமும் பார்த்த படம். உங்களுக்கு ஒரு நிமிடம் ஆனது. அது நான் இல்லை என்பதை முதல் முறை கேள்விப்படுவதாக நினைத்துக்கொண்டீர்கள். தண்ணீர் கொடுத்தீர்கள்.

சோதனைக் குறிப்பில் செய்முறையை வரிசை மாற்றி எழுதினால் முடிவு பொய்யாகிவிடும். முதல் வருடத்திலேயே சொல்லிக்கொடுப்பார்கள். மேலே நான் வரிசையை மாற்றி எழுதியிருக்கிறேன். கட்டிலில் நடந்ததைத் திரும்ப எழுதுகிறேன்.

இருமல் அடங்கியது. டீ கொடுத்தேன். அக்கா மடியில் தகட்டை வைத்துக்கொண்டு விரலால் அந்தக் குழியைத் தடவினார். ஆஸ்பத்திரிக்கு ஒரு எட்டு போயிட்டு வரலாமா என்று கேட்டார். போகலாம் என்று எழுந்தேன் மேடம். இது உண்மை. ஆட்டோ கூப்பிட போனைக் கையில் எடுத்துவிட்டேன். அவர் தகட்டைப் பார்த்து அழுதுகொண்டிருந்தார். எனக்கு மனம் இளகியது. இரண்டு வருடமாகக் கேட்காததைக் கேட்டேன்.

“அக்கா, அது நான்தானே?”

அவர் நிமிர்ந்து பார்த்தார். கண்ணீரோடு சிரித்தார். சிரித்ததில் மறுபடி இருமல் வந்தது.

“நீயா? அது என் தங்கச்சி கார்த்திகா. மஸ்கட் போறதுக்கு முன்னால வரைஞ்சது. பொங்கலுக்கு வரா, அவளுக்குத்தான்டி காப்பி தேடினேன். உன்ன அந்த ஹால்ல பாக்கறதுக்கு முன்னால எனக்கு எப்படிம்மா தெரியும்?”

போனைப் பைக்குள் வைத்தேன். பையை இடது தோளில் மாட்டிக்கொண்டேன்.

அதற்குப் பிறகுதான், வேணாம்கா, இது சரியாயிடும் என்று சொன்னேன்.