சுராபாயாவில் பார்த்த பக்கம்

ரங்கூனின் லத்தா பகுதியில் சாலையைக் கடக்க நின்றிருந்தேன். பக்கத்தில் முழங்கையில் கட்டுப் போட்ட ஒரு பெண்மணி, அவள் பெட்டியைப் பிடித்தபடி அவள் தம்பி.

"தப்பு என்னோடதுதான். இந்தோனேசியாவுல, அந்த சுராபாயாவுல வண்டியெல்லாம் வலது பக்கத்துலருந்து வருது. நான் ரங்கூன் பழக்கத்துல இடது பக்கம் பார்த்துட்டு ரோட்டுல இறங்கிட்டேன்."

"இதுக்குத்தான் தனியாப் போகாதேன்னேன். மாமா இருந்திருந்தா விட்டிருப்பாரா, அக்கா?"

"மாட்டாரு. அவரைக் கட்டின இருபது வருசத்துல லைங் தாயா ஆலைக்குப் போற பஸ்ஸைத் தவிர எதுல ஏறினேன் சொல்லு."

"அடிபட்ட அன்னைக்கே திரும்பியிருக்கலாம்ல."

"எதுக்கு? இடிச்ச பொம்பளையே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனா. அப்புறம் மூணு நாளு அவ பைக்குப் பின்னாலயே ஊரைச் சுத்தினேன். நம்ம ரங்கூனுக்குள்ள பைக்கே விடமாட்டாங்க. எனக்கு அதுதான் முதல் சவாரி. மீன் மார்க்கெட்டு, துறைமுகம், பெரிய பாலம், ஒண்ணு விடல."

"கட்டுப் போட்ட கையோடவா?"

"இன்னொரு கை இருந்துச்சே, பிடிச்சுக்க."

தம்பி தன் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். "ஏர்போர்ட்ல உங்கிட்டருந்து வாங்கி வச்ச பாஸ்போர்ட் இனிமே என் பீரோவுலயே இருக்கட்டும்."

வண்டிகளுக்கு நடுவே இடைவெளி விழுந்தது. குழந்தையைக் கூட்டிப் போவதுபோல் அவன் அவளுடைய நல்ல கையைப் பிடித்தான். அவள் உதறிவிட்டு, அதே கையை அவன் முன்னால் விரித்தாள்.

"பிடிக்க வேணாம். பாஸ்போர்ட்டை வை. அடுத்து அங்கயே பாண்டுங் ஊருக்குப் போறேன்."

அவன் சட்டைப் பையிலிருந்து எடுத்து வைத்தான். அவள் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, அவனுக்கு முன்னால் சாலையில் இறங்கினாள்.