டிசம்பர் பதினஞ்சும் இக்னாஸ் தொப்பிக் கடையும்

...ஒண்ணு போவல சார்! காலையிலேருந்து ஒரே ஒரு தொப்பி போவல! ஞாயித்துக்கெழம வரைக்கும்தான் கெடு. அதுக்குள்ள வீட்டுல கெடக்குற தொப்பிய எடுக்கலேன்னா மாரி-ரோஸ், அதான் என் வூட்டுக்காரி, தங்கச்சி வீட்டுக்குப் போயிருமாம். கட்டில்ல தொப்பி படுத்துருக்கு சார், மாரி-ரோஸ் தரையில படுக்குது. கோவம் வராதா?

என்னது... ஹெல்மெட்டா? அது பக்கத்துக் கடை, ஒடெட் கடை. அந்தம்மா சாப்பிடப் போயிருக்கு. அதுவரைக்கும் நாந்தான் எடுத்துக் காட்டணும். பென்-தான்னு பேரு வாங்குன இந்த மார்க்கெட்டுல இருவது வருஷமா தொப்பி விக்கிற இக்னாஸ் நெலமையப் பாருங்க! நீங்க தமிழா? மெட்ராஸா? நமக்குப் பூர்வீகம் காரைக்கால். உக்காருங்க, உக்காருங்க.

எல்லாம் கவர்மெண்ட் பண்ண வேலை. டிசம்பர் பதினஞ்சுலேருந்து பைக்குல போறவன் அத்தனை பேரும் ஹெல்மெட் போடணும்னுச்சு. சரி, சொல்லிட்டுப் போவுது... சொன்னா கேக்குற ஊரா இது? நடைபாதையில கடை போடாதேன்னு எத்தனை வாட்டி சொல்லியாச்சு! மறுநாளே அதே எடத்துல அடுப்பு எரியும். ஆனா இதுக்கு மட்டும்... பதினாலாம் தேதி சாயங்காலம் வரைக்கும் ஊரு பூரா வெறுந்தலை சார். பதினஞ்சு காலையில கதவத் தெறக்குறேன், தெரு பூரா ஹெல்மெட்! மூலைக்கு மூலை போலீஸ் நிக்கட்டும், அதுக்காவ? ஒருத்தனாவது 'ஒரு வாரம் பாப்போமே'ன்னு இருக்க வேணாமா?

அந்தக் கருப்பு வேணாம் சார், வெயில்ல மண்டை வெந்துரும். வெள்ளைய எடுங்க. பட்டைய தாடைக்குக் கீழ மாட்டுங்க... ஆங், அப்டித்தான்.

ஹெல்மெட்டு நல்லதுதாங்க, நான் இல்லேங்கல. அமீர் அலின்னு ஒருத்தர், நம்ம வரிசைக்கெல்லாம் பைக்குல சரக்கு கொண்டாருவாரு. ரெண்டு வருஷம் முந்தி மார்க்கெட் முக்குல வழுக்கி விழுந்து மண்டையில அடி. மூணு மாசம் ஆஸ்பத்திரி. பொண்டாட்டி சூப்பு வண்டிய மூடிட்டு கட்டில் பக்கத்துலயே உக்காந்துச்சு. மூத்த பொண்ணு பள்ளிக்கூடத்த விட்டுட்டு தையலுக்குப் போச்சு. ஒடஞ்சது ஒருத்தர் மண்டை, படுத்தது மொத்த குடும்பம்! சரக்கு வராம எங்க கடைங்களும் காத்தாடுச்சு. போன வாரம் அதே மனுசன், அதே முக்கு, மறுபடி விழுந்தாரு. ஹெல்மெட்டு பொளந்துச்சு, தலையில ஒரு கீறல் இல்ல. மறுநாள் ஏழு மணிக்கு டாண்ணு சரக்கோட நிக்கிறாரு. என்ன சரக்குங்கிறீங்க? ஒடெட்டுக்கு அறுவது ஹெல்மெட்! அழுவுறதா, சிரிக்கிறதா? கட்டிப் புடிச்சுக்கிட்டேன் சார், வேற என்ன பண்ண... நல்ல மனுசன்.

ஒடெட் மருமவன் ஹெல்மெட்டுப் பட்டறையே போட்டுட்டான். பன்னெண்டு பேருக்கு வேலை. அமீர் அலி பொண்ணு திரும்பப் பள்ளிக்கூடம் போவுது. ஊரு முன்னேறுது சார்! நான் ஒருத்தன்தான் தொப்பிக்கு நடுவுல மாட்டிக்கிட்டேன்.

என்ன, ஒரு கடைக்கு இவ்வளவு தொப்பியான்னா? அது வந்து... சட்டம் வருதுன்னதும் நம்ம வரிசையில தொப்பி வித்தவனுங்க பூரா பயந்துட்டானுங்க. ஆளாளுக்குத் தொப்பிய வந்த வெலைக்குத் தள்ளுனானுங்க. யாரு வாங்குனாங்கிறீங்க? ம்... நாந்தான். முட்டாப் பசங்க, சட்டம் ஒரு வாரம் தாங்காது, அப்புறம் ஊருக்கே என்கிட்டதான் தொப்பின்னு நெனச்சேன். சிரிக்காதீங்க சார். அப்ப ஒடெட்டும் தொப்பிதான் வித்துச்சு, அது மட்டும் தன்னோட கடைசித் தொப்பி மூட்டையக் குடுக்க மாட்டேன்னுச்சு. 'வேணாம் இக்னாஸ், எனக்கே பாவமா இருக்கு, கெடக்கட்டும் விடு'ன்னுச்சு. நாந்தான் கேக்காம அது கையிலேருந்து பிடுங்கிட்டு வந்தேன்.