செவ்வாய்க்கிழமைக்காரர்

— லெட்டரை அப்புறம் படிக்கறேன். முதல்ல உக்காருங்க அக்கா.

— நின்னுக்கிட்டே சொல்லிடறேன் சார். உக்காந்தா மனசு மாறிடும்.

— வெளியில தம்பிங்கறீங்க, உள்ள வந்தா சார்!

— கதவுக்கு அந்தப் பக்கம் நீங்க என் தம்பி வயசு. இந்தப் பக்கம் என் சூப்பர்வைசர். என்கிட்ட கவுன்சலிங்குக்கு வர்றவங்களை எப்படிக் கையாண்டேன்னு பதினஞ்சு நாளைக்கு ஒரு தடவை உங்ககிட்ட ஒப்பிக்கணும். இருபத்தாறு வருஷம் ஆஸ்பத்திரி டெலிபோன் போர்டுல உக்காந்தவ நான். எந்த லைன்ல யாருன்னு குழப்பிக்க மாட்டேன்.

— சரி, லெட்டர்ல என்ன?

— கவுன்சலர் வேலையை விடறேன். அவ்ளோதான்.

— செவ்வாய்க்கிழமைக்காரரா?

— எப்படிக் கண்டுபிடிச்சீங்க?

— ரெண்டு மாசத்துக்கு மேல அவரைப் பத்தித்தானே பேசறீங்க. பேரு, தொழில், ஊரு எதுவும் சொல்லக்கூடாது, அதனால இந்த ரூம்ல அவருக்கு அதுதான் பேரு. மனைவி போன துக்கத்துல வாயைத் திறக்கல. பொண்ணு கூட்டிட்டு வந்து விடறாங்க. அம்பது நிமிஷம் ஜன்னலைப் பாத்துட்டுப் போயிடறாரு.

— பதினோரு வாரம் சார்! 'அவர் மௌனத்தை நீங்க நிரப்பாதீங்க'ன்னு சொல்லிட்டீங்க. வாயாடிக்கு வாய்ப்பூட்டு. நாக்கைக் கடிச்சுக்கிட்டு உக்காந்தேன். நேத்து என்ன ஆச்சு தெரியுமா? எங்க சென்டர்ல என் சுத்துற சேர் இருக்கே, அது கொஞ்ச நாளா காத்து இறங்குது. நான் முகத்தை அமைதியா, கருணையா வெச்சுக்கிட்டு இருக்கேன்…

— ம்.

— புஸ்ஸுன்னு ஆரம்பிச்சுது. எழுந்தா அவர் கலைஞ்சிடுவாரேன்னு நான் அசையல. லிஃப்ட் மாதிரி இறங்கறேன். நான் ஏற்கனவே குள்ளம். மேஜை விளிம்பு நெஞ்சுக்கு வந்துச்சு, கழுத்துக்கு வந்துச்சு. தாடை போய் முட்டுது, முகத்துல கருணை மட்டும் மாறல. அப்பப் பாத்து மனுஷன் திரும்பறாரு.

— சிரிச்சாரா?

— சிரிச்சாரான்னா! முதல்ல சத்தமே இல்ல, தோள் மட்டும் குலுங்குது. நெஞ்சு வலியோன்னு பதறிட்டேன். அப்புறம் மூக்கு வழியா ஒரு விசில். கேட்டதும் எனக்கும் பிச்சுக்கிச்சு. ரெண்டு பேரும் வயித்தைப் பிடிச்சுக்கிட்டு, கண்ணுல தண்ணி வர… ரிசப்ஷன் பொண்ணு கதவைத் தட்டி 'யாருக்கு உடம்பு சரியில்ல'ங்கறா. என்ன சார், 'ம்' கூடக் காணோம்?

— கேட்டுட்டுதான் இருக்கேன். மூக்கு வழியாவா?

— ஆமா. ஏன், அது முக்கியமா?

— இல்ல… சொல்லுங்க.

— அப்புறம் பேசினாரு பாருங்க, நிறுத்தவே இல்ல. அந்தம்மா துணி மடிக்கும்போது பாட்டுப் பாடுவாங்களாம். வரியெல்லாம் தப்புத் தப்பா. இவர் திருத்துவாராம், அவங்க வேணும்னே இன்னும் தப்பாப் பாடுவாங்களாம். இப்ப வீட்டுல ஒரு துண்டைக்கூட மடிக்க மனசு வரலையாம். அம்பது நிமிஷம் எழுபது ஆச்சு. அடுத்தவங்க வெளியில காத்துக் கிடக்கறாங்க. நோட்டுல ஒரு வரி எழுதல. துக்கத்துல இருக்கற மனுஷன் முன்னால கெக்கேபிக்கேன்னு சிரிச்சவளுக்கு இந்த வேலை எதுக்கு?

— உங்களை உறுத்தறது சிரிப்புதானா அக்கா?

— பெரிய ஆளு சார் நீங்க. இல்ல. போகும்போது, 'இனிமே வர வேண்டியிருக்காதுன்னு நினைக்கறேம்மா'ன்னாரு. நான் குதிச்சிருக்கணும். பக்குன்னு ஆயிடுச்சு. அடுத்த செவ்வாய்க்கிழமை நான் என்ன பண்ணுவேன்? வந்தவர் நல்லாயிட்டாருன்னு முகம் சுண்டறவ ஒரு கவுன்சலரா?

— நல்லாயிட்டவங்களை அனுப்பி வைக்கறதுதான் இதுல கஷ்டமான வேலை. பக்குன்னு ஆகலைன்னாதான் நான் கவலைப்பட்டிருப்பேன்.

— நெஜமாவா?

— நெஜமா. பதினோரு வாரம் வாயைத் திறக்காதவரு உங்ககிட்ட பேசியிருக்காரு. கொண்டாடுங்க அக்கா!

— ஐயோ, இப்பதான் மூச்சே வருது. அப்ப மிச்சத்தையும் சொல்லிடறேன். அவருக்கு ஒரு பையனாம். அம்மா போய் பத்து நாள்கூட ஆகல, 'அடக்கி வைக்காதீங்கப்பா, அழுதுடுங்க'ன்னு பாடம் எடுத்தானாம். 'என் பொண்டாட்டிக்கு நான் எப்படி அழணும்னு நீ சொல்லித் தராதடா'ன்னு கத்திட்டாராம். எட்டு மாசமா பேச்சு வார்த்தை இல்ல. நேத்து அவரே சொல்றாரு, 'அவன் சொன்னதுல தப்பில்லம்மா, அவன் குரல் நடுங்கினதை நான்தான் கவனிக்கல'ன்னு…

— அக்கா, நிறுத்துங்க.

— என்ன சார்?

— போதும். இவரைப் பத்தி இனி ஒரு வார்த்தை என்கிட்ட சொல்லக்கூடாது. இந்தக் கேஸுக்கு வேற சூப்பர்வைசர் ஏற்பாடு பண்றேன்.

— பாத்தீங்களா, கெடுத்துட்டேன்! லெட்டரை நீங்களே…

— லெட்டரைக் கிழிச்சாச்சு, இதோ. தப்பு என்னோடது. அந்த விசில் வந்தப்பவே உங்களை நிறுத்தியிருக்கணும். மனசு வரல. இன்னும் கொஞ்சம் கேக்கணும்போல இருந்துச்சு. இதை நான் என் சூப்பர்வைசர்கிட்ட போய் ஒப்பிக்கணும்.

— உங்களுக்குமா சூப்பர்வைசர்?

— பின்னே?

— எனக்கு ஒண்ணும் புரியல. ஏன் தம்பி, முகமெல்லாம் இப்படி சிவந்து கிடக்கு? தண்ணி குடிங்க.

— நான் நல்லாதான் இருக்கேன். இவ்ளோ நல்லா இருந்து ரொம்ப நாளாச்சு.

— சரி, ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லிட்டு வாயை மூடிக்கறேன். 'இன்னைக்கே பையனுக்கு போன் பண்றேன்'னு சொல்லிட்டுத்தான் நேத்து கிளம்பினாரு. பண்ணாரோ இல்லையோ, அதான் மனசு கிடந்து அடிச்சுக்குது.

— பண்ணாரு அக்கா. நேத்து சாயங்காலம் அஞ்சேமுக்காலுக்கு. பாதி வழியில பஸ்ஸை விட்டு இறங்கி, ப்ளாட்ஃபாரத்துல நின்னு, எங்கப்பாகிட்ட ஒரு மணி நேரம் பேசினேன்.