கபடிக்காரர் மகன்

விளாங்குடி பஸ்ஸில் என் முன் சீட்டில் இரண்டு பெண்கள். சின்னவளின் கணவர் பேர்பெற்ற கபடி ஆட்டக்காரர் என்பது பேச்சிலேயே தெரிந்தது.

"அவரு மகனாச்சேன்னு கோச்சு களத்துல எறக்குனா, எதிராளியத் தொட்டுட்டு 'சாரிண்ணே'ங்கிறான்க்கா!"

"அய்யய்யோ! ஒன் வீட்டுக்காரத் தம்பி என்ன சொன்னாப்ல?"

"அவருக்குத் தலை தொங்கிருச்சு. பய மைதானத்த விட்டே ஓடப் பாத்தான். நான்தான் சேலையத் தூக்கிச் சொருகிப் பாஞ்சு, கணுக்கால்ல ஒரே பிடி. கவுந்துட்டான்!"

"நீயா?"

கண்டக்டரே டிக்கெட் கிழிப்பதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

"கோச்சு பாத்துட்டாரு. பொம்பளைக டீமுக்கு ஆள் பத்தலையாம், கூப்பிட்டாரு. வாரேன்னுட்டேன்."

"மகன்?"

"அம்புட்டுச் சந்தோசம். தெனமும் காலையில அஞ்சு மணிக்கு 'எந்திரிம்மா, பிராக்டிஸுக்கு நேரமாச்சு'ன்னு என்னைய எழுப்பி விட்டுட்டு, அவன் இழுத்துப் போத்திப் படுத்துக்கிறான்!"