குடும்பத்தில் எத்தனை பேர்

"ஹலோ... ஹலோ... ஓம் ஓம், கேக்குது, சொல்லு பிள்ளை... என்ன, உள்ளுக்குக் கூப்பிட்டிட்டினமோ?... இன்னும் இல்லையோ... பேந்தேன் இப்பிடி மூச்சு வாங்கிறாய்? ஓடினனியோ?... சரி சரி, மெல்லமாச் சொல்லு. எனக்குக் கையெல்லாம் மீன். போனைத் தோளுக்கை இடுக்கிக்கொண்டு நிக்கிறன்..."

கிறேஸுக்கு அன்று விடிந்ததிலிருந்து கை ஒரு வேலையில் நிற்கவில்லை. மகள் டக்சாயினி கொழும்பில், விமானப்படைக்கு விமானிகளைத் தெரிவு செய்கிற கடைசி நேர்முகத்துக்காக ஒரு கதவுக்கு வெளியே காத்திருக்கிறாள். தாய் முல்லைத்தீவுக் கரையில், வீட்டு முற்றத்தில் கருவாட்டுக்கு மீன் கீறிக்கொண்டிருக்கிறாள். புருஷன் மரியநாயகம் கடலுக்குப் போய்விட்டான். வீட்டில் அவளும் நாயும் சுவரில் மகன் அனிஸ்ரனின் படமும்தான்.

"எத்தினை பேர் உங்கை?... பதினொண்டு... அதிலை பொம்பிளைப் பிள்ளையள்?... மூண்டோ. எங்கட ஆக்கள்?... ம்... தெரியும், சும்மா கேட்டனான்... சாப்பிட்டனியோ?... பணிஸோ? பணிஸும் ஒரு சாப்பாடே?... சரி, தண்ணியையாவது குடி... எடியே, கண்ணைப் பாத்தவங்கள், காலை நீட்டவிட்டு அளந்தவங்கள், இருக்கவிட்டு அளந்தவங்கள், பல்லைக்கூட எண்ணினவங்கள் எண்டனி. இனி அளக்க என்ன கிடக்கு? கேக்கிறதுக்கு நிமிந்து நிண்டு மறுமொழி சொல்லு, காணும்..."

பெருமைதான் அவளுக்கு. உயர்தரத்தில் பௌதிகம் படித்த பிள்ளைகள் கரையில் எத்தனை பேர்? அதிலும் விண்ணப்பம் போட்டு, பரீட்சை எழுதி, உடம்புச் சோதனை தாண்டி இவ்வளவு தூரம் வந்தவள் இவள் ஒருத்திதான். இன்றைக்கு உள்ளே போய் வந்தால் தியத்தலாவையில் பயிற்சி, பிறகு சீனக்குடாவில் பறக்கப் பழக்குவார்கள்.

"என்ன?... என்னத்தை எழுதினனி?... திருப்பிச் சொல்லு, விளங்கேல்லை."

கத்தி மீனின் வயிற்றிலேயே நின்றது.

"சகோதரங்கள் எண்டு கேட்ட இடத்திலை... இல்லை எண்டு எழுதினனியோ?... எப்ப?... முதல் ஃபோம் நிரப்பேக்கையோ? எட்டு மாசம்! எட்டு மாசமா வாய் திறக்கேல்லை நீ... ஆர் சொல்லித் தந்தது?... பள்ளிக்கூடத்துக் கனகலிங்கம் சேரோ? அவருக்கென்ன, அவற்றை பிள்ளையள் எல்லாம் வீட்டை கிடக்குதுகள்... நான் கத்தேல்லை... கத்தேல்லை எண்டுறன்... நீ அழாத. உங்கை ஆக்கள் பாக்கப் போகினம்."

அனிஸ்ரன் அவளுடைய தலைச்சன். வீட்டுக்கு ஒருவர் என்று வந்து கேட்டபோது இயக்கத்துக்குப் போனவன். ஏழு மாதம் நின்று வீட்டுக்குத் திரும்பியவன். பதினாறு வருடத்துக்கு முன், சண்டை முடிந்த கிழமை, பாலத்தடியில் ஆமிக்காரர் பெயரைக் கூப்பிட்டு ஒரு பக்கம் நிற்கச் சொன்னார்கள். பதினேழு வயதுப் பெடியன், தாயின் கையை விட்டுவிட்டுப் போய் நின்றான். அதற்குப் பிறகு அவனைக் கண்டவர் இல்லை. கிறேஸ் ஒவ்வொரு மாத முதல் வெள்ளியும் கோயிலில் அவனுக்குப் பூசை கொடுப்பாள். கொடுக்கிற துண்டில் 'ஆன்ம இளைப்பாற்றிக்காக' என்று இன்றுவரை எழுதியதில்லை. 'சுகமாக வீடு வர' என்றுதான் எழுதுவாள். பங்குச் சுவாமி அந்தத் துண்டைக் கண்டு பெருமூச்சு விடுவார். ஆனாலும் அப்படியே வாசித்துவிடுவார்.

"ஒண்டு கேக்கிறன், சொல்லு. எந்தக் கையாலை எழுதினனி அதை?... மாத்தளனிலையிருந்து உன்னைத் தோளிலை இருத்திக்கொண்டு நடந்தவன்டி அவன். செல் விழ விழ நடந்தவன்... ஓம், உனக்கு ஞாபகம் இல்லை. நாலு வயசு. உனக்கு ஞாபகம் இல்லாட்டி அது நடக்கேல்லையோ?"

இதைக் கேட்டபின் அவளுக்கே நெஞ்சு நொந்தது. வாசலில் காத்திருக்கிற பிள்ளையிடம் இந்த நேரத்தில் கேட்கிற கேள்வியா இது? ஆனாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"... ம்... ம்... சொல்லு, கேக்கிறன்... வீட்டையோ? எங்கட வீட்டையோ?... ஆர் சொன்னது?... பக்கத்திலை இருக்கிற பிள்ளையின்ரை வீட்டை நேற்று விசாரிக்க வந்தவையோ? என்ன கேட்டவையாம்?... குடும்பத்திலை எத்தினை பேர், ஆர் ஆர் என்ன செய்யினம்... அவ்வளவும்தானோ... அப்ப இஞ்சை இண்டைக்கு வருவினம் எண்டுறாய்... ஓ... என்ன? படத்தையோ? அண்ணான்ரை படத்தையோ கழட்டச் சொல்லுறாய்?... மாட்டன்... மாட்டன் எண்டால் மாட்டன் பிள்ளை. வேறை என்னெண்டாலும் கேள்."

மேலே ஏதாவது இரைந்தால் கிறேஸின் கால் இன்றைக்கும் பதுங்கு குழி இருந்த பக்கமாக இரண்டடி வைக்கும். அப்படிப்பட்டவளுடைய மகள் பிளேன் ஓட்டப் போகிறாளாம் என்று சின்னராசாவின் கடையடியில் சிரித்தவர்களும் உண்டு, காறித் துப்பியவர்களும் உண்டு. கிறேஸ் அவர்களுக்கு நறுக்கென்று ஒன்று சொல்லியிருந்தாள். "மேலை இரையேக்கை நாங்கள் கீழை கிடந்து செபமாலை சொன்னம். இனி மேலை இரையிறதிலை ஒண்டாவது எங்கட பிள்ளையா இருக்கட்டும்." ஊர் வாயை அடைத்தவளுக்கு இப்போது தன் வாயைத் திறக்க வரவில்லை. ஒரு பிள்ளை இருபது வயதில் கதவுக்கு வெளியே நிற்கிறது. மற்றப் பிள்ளை சுவரில் நிற்கிறது. சுவரில் நிற்கிறவன் கொஞ்ச நேரம் பொறுப்பான் என்று அவள் நினைத்தாள்.

"... சரி... ஓம், கழட்டுறன்... கழட்டுறன் எண்டு சொல்லிப்போட்டன், பேந்தும் பேந்தும் கேக்காத. கை கழுவவிடு... இண்டைக்கு ஒரு நாளைக்குத்தான். நீ சீனக்குடாவிலை ஏறிப் பறந்தாப் பிறகு ஆர் என்னைக் கேக்கிறது?... பொறு, கதிரையிலை ஏறுறன்... ஆ... வந்திட்டுது... குறை நினையாத ராசா. தங்கச்சிக்காக. பின்னேரம் எடுத்துப்போடுவன்... உன்னோடை இல்லைப் பிள்ளை, அண்ணாவோடை கதைக்கிறன்."

படத்தைக் கலியாணச் சேலைக்குள் சுற்றி அலுமாரியில் வைத்தாள். திறப்பைப் போட்டுப் பூட்டவில்லை. பூட்ட மனம் வரவில்லை.

"வைச்சாச்சு... ஓம், உள்ளுக்கை... நீ முகத்தைக் கழுவிப்போட்டு... பொறு. நாய் குலைக்குது... மோட்டச்சைக்கிள் ஒண்டு... ரண்டு பேர். சிவில் உடுப்பு, ஆனா ஆமிச் சப்பாத்து... ஓம், அவைதான் போலை கிடக்கு... போனை வைக்காத! வைக்காத எண்டுறன். கேள். நான் போனை மேசையிலை பேப்பருக்குக் கீழை வைக்கிறன். நான் சொல்லுறதைக் கேட்டுக்கொண்டிரு. உன்னட்டைக் கேட்டாலும் அதையே சொல்லு. தாயும் மோளும் ரண்டு கதை சொல்லப்பிடாது. சத்தம் போடாத, சரியே... மாதாவே..."

வாசலுக்குப் போனபோது கிறேஸின் முகத்தில் ஒரு சிரிப்பு இருந்தது. அந்த மாதிரிச் சிரிப்பை அவள் அகதி முகாமில் இருந்த காலத்தில் பழகியவள்.

"வாங்கோ ஐயா, வாங்கோ... ஓம், மரியநாயகத்தின்ரை வீடுதான்... நான்தான் கிறேஸ்... எங்கையிருந்து வாறியள் எண்டு... ஆ, சரி சரி, பிரச்சினை இல்லை. இருங்கோ... தேத்தண்ணி?... சரி... அவர் கடலுக்கு. மத்தியானம்தான் கரைக்கு வருவார்... மகளோ? நல்ல பிள்ளை ஐயா. படிப்பும் கோயிலும்தான். ஊரிலை ஆரையும் கேட்டுப்பாருங்கோ..."

ஒருவன் கதிரையில் இருந்துகொண்டு கொப்பியில் எழுதினான். நல்ல தமிழ். மற்றவன் இருக்கவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வீட்டைப் பார்த்தான்: மாதா படம், கலண்டர், ஒன்றும் தொங்காத ஆணி. ஆணியில் அவன் பார்வை கொஞ்ச நேரம் நின்றது.

"பிள்ளையளோ..."

முழங்கையில் ஒட்டியிருந்த மீன் செதில் ஒன்றைச் சுரண்டி எடுத்தாள்.

"ஒண்டு ஐயா... ஓம். ஒரே ஒரு பொம்பிளைப் பிள்ளை."

சொல்லிவிட்டாள். கூரை இடிந்து விழவில்லை. வெளியே காகம் மீனைக் கொத்துகிற சத்தம் கேட்டது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது இவ்வளவு லேசா என்று அவளுக்கே ஒரு வெறுப்பு வந்தது.

"எழுதிப்போட்டியளோ?... வேறை ஏதும்?... பிள்ளைக்கு நல்லமாதிரி எழுதிவிடுங்கோ ஐயா, அவள் அங்கை... படமோ? என்ன படம்?... கிட்டக் காட்டுங்கோ, கண்ணாடி இல்லை எனக்கு..."

நின்றவன் தன் போனை அவள் முகத்துக்கு நேரே பிடித்தான்.

"ஓம்... இது எங்கட பழைய கொட்டில்... இது இவர், சாரத்தோடை... விரல் சூப்பிக்கொண்டு நிக்கிறது டக்சா... இது நான்... என்ரை கையிலையோ?..."

முகாமிலிருந்து வந்து குடியேறிய வருடம், வீடு வீடாக வந்து குடும்பங்களை வாசலில் நிறுத்திப் பதிவுக்குப் படம் எடுத்தார்கள். குடும்பத்தில் உள்ள எல்லாரும் நிற்க வேண்டும் என்பது கட்டளை. கிறேஸ் உள்ளே ஓடிப்போய் அனிஸ்ரனின் படத்தை எடுத்துவந்து நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றாள். மரியநாயகம் பல்லைக் கடித்துக்கொண்டு வேண்டாம் என்றான். எல்லாரும் என்றுதானே சொன்னார்கள் என்று அவள் அசையவில்லை. நாளைக்கு அவன் திரும்பி வந்தால் கணக்கில் இல்லாதவன் என்று யாரும் தள்ளிவிடக் கூடாது என்பது அவள் எண்ணம். பதினாறு வருடமாக அவள் எங்கும் அவன் பெயரை வெட்டவிட்டதில்லை. இன்றைக்குத்தான் முதல் தரம் வெட்டினாள். வெட்டுகிறாளா என்று பார்க்கத்தான் இவர்கள் வந்தார்கள் என்பது அவளுக்கு இப்போது விளங்கியது.

"அது... அது என்ரை தங்கச்சியின்ரை..."

பேப்பருக்குக் கீழே ஏதோ ஒரு சின்னச் சத்தம் வந்து அடங்கியது.

"... இல்லை. பொறுங்கோ. அதை வெட்டுங்கோ ஐயா. ரண்டு எண்டு எழுதுங்கோ. ரண்டு பிள்ளையள். மூத்தவன் அனிஸ்ரன்... என்ரை மகன்... ஓம், பொய்தான் சொன்னனான். நான்தான் சொன்னனான். பிள்ளையிலை பிழை இல்லை, அவளுக்கு அப்ப நாலு வயசு, அவளுக்கு அவன்ரை முகமே... அவளைத் தண்டிச்சுப்போடாதேங்கோ ஐயா, உங்களைக் கும்பிட்டன்... என்ன?... என்ன கேட்டனீங்கள்?... விளங்கேல்லை, திருப்பிக் கேளுங்கோ..."

எழுதிக்கொண்டிருந்தவன் தலையை நிமிர்த்தவும் இல்லை. கொப்பியில் அடுத்த வரி அது. எந்த வீட்டிலும் கேட்கிற கேள்வியாக இருக்கலாம். ஆனால் கிறேஸ் கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

"கடைசியா எப்ப கதைச்சவனோ?"

எத்தனை அலுவலகம் ஏறி இறங்கியவள் அவள். அங்கெல்லாம் பிறந்த திகதி கேட்டார்கள், அன்றைக்குப் போட்டிருந்த சேட்டின் நிறம் கேட்டார்கள், சாட்சி உண்டா என்று கேட்டார்கள். மகன் கடைசியாக எப்போது கதைத்தவன் என்று பதினாறு வருடத்தில் ஒருவர் கேட்கவில்லை. செத்தவனைப் பற்றி அப்படிக் கேட்பார்களா?

"ஐயா... அப்ப அவன் கதைக்கிறவனோ?... எங்கையிருந்து?... இல்லை, எனக்கு எடுக்கேல்லை, சத்தியமா எடுக்கேல்லை. ஆருக்கு எடுத்தவன்?... நீங்கள்தானே கேட்டனீங்கள்! சும்மா கேப்பியளோ?... கண்டனீங்களோ அவனை? மெலிஞ்சு போனானோ?... வெளிநாடோ?... எழும்பாதேங்கோ, இருங்கோ. நான் எல்லாம் சொல்லுறன். இயக்கத்திலை எந்த முகாமிலை நிண்டவன், என்ன பேர் வைச்சவங்கள், ஆரோடை நிண்டவன், இப்ப அவையள் எங்கை இருக்கினம், எல்லாம் சொல்லுறன். ஒண்டும் ஒளிக்கமாட்டன். எழுதுங்கோ..."

நின்றுகொண்டிருந்தவன் அப்போதுதான் ஒரு கதிரையை இழுத்து இருந்தான். மற்றவன் கொப்பியில் புதிய பக்கம் ஒன்றைத் திருப்பினான். பேப்பருக்குக் கீழே சத்தம் நிற்காமல் வந்துகொண்டிருந்தது. கிறேஸ் எரிச்சலோடு பேப்பரைத் தள்ளிப் போனை எடுத்தாள்.

"என்னடி?... கத்தாத... சொல்லுறன்தான், ஏன் சொல்லக்கூடாது?... கூப்பிடினமோ? போ. போய், நாங்கள் ரண்டு பேர் எண்டு சொல்லு... ஏன்டி அழுறாய் விசரி, அழுற நேரமே இது?... இல்லை, நீ வை. எனக்கு இஞ்சை கதை கிடக்கு... வை பிள்ளை. அண்ணா இருக்கிறானாம்."