பாசிக் குளத்தில் இறங்கிய கால்

யகானா: ...அந்தப் பட்டணத்துக்காரன் சப்பாத்தைக் கழட்டினான், கால்சட்டையைச் சுருட்டினான், நேரா இறங்கிட்டான். நம்ம பாசிக் குளத்துல. ஒரு ஆம்பளை.

கெல்லு: மெதுவாப் பேசுக்கா. அந்தப் பக்கம் ஆளுங்க நிக்கிறாங்க.

யகானா: நிக்கட்டும். போல்ங்கிற பட்டணத்துல நாலு எழுத்துப் படிச்சிட்டா போதுமா? ஆம்பளைக் கால் பட்டா பாசி செத்துப்போகும்னு சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

கெல்லு: அவன்தான் சிரிச்சானே. எட்டு நாள் கழிச்சு வரேன், சாகலைன்னா ஆம்பளைங்களே தொட்டி கட்டி வளர்த்து விக்கட்டும்னு...

யகானா: நம்ம ஊர்த்தலைவரும் தலையாட்டினார் பாரு, அதுதான் வயிறு எரியுது. மீன் அவங்களுக்கு. மாடு அவங்களுக்கு. கம்பங்கொல்லை அவங்களுக்கு. நமக்குன்னு இருக்கிறது இந்தப் பச்சைத் தண்ணி ஒண்ணு. அது மேலயும் கண்ணு.

கெல்லு: எட்டாம் நாள் நாளைக்குத்தான்.

யகானா: எனக்குத் தெரியாதா? நீ வாளிப் பாசியை மணல்குழியில ஊத்து. காயணும்ல.

கெல்லு: அக்கா... காலையில அள்ளினோமே. பாசி...

யகானா: என்ன?

கெல்லு: சாகலையேக்கா. போன வாரத்தைவிடக் கெட்டியா இருக்கு.

யகானா: ...வாயை மூடு.

கெல்லு: நாளைக்கு அவங்க பார்த்துட்டா?

யகானா: பார்க்க ஒண்ணும் இருக்காது. சாயங்காலத்துக்குள்ள எல்லாப் பொம்பளைங்களையும் இறக்கி ஒட்ட வழிச்சிடணும். வெறுந்தண்ணியைப் பார்த்துட்டுப் போகட்டும்.

கெல்லு: பாசி அள்ளுற வரிசைக்குத் தலைவி நீ. சொன்னா இறங்குவாங்க. ஆனா ஒட்ட வழிச்சிட்டா, அப்புறம் களிக்குப் பாசிக் குழம்பு எதுல வைக்கிறது?

யகானா: பத்து நாள்ல திரும்பப் பச்சை கட்டிடும்.

கெல்லு: ஆம்பளை இறங்கின தண்ணியிலயா? எப்படிக்கா அவ்வளவு நிச்சயமாச் சொல்றே?

யகானா: போன வருஷம் எனக்கு இடுப்புப் பிடிச்சு எழுந்திருக்கவே முடியலை. வரிசைக்கு வரலைன்னா இடம் அடுத்தவளுக்குப் போயிடும். என் வீட்டுக்காரர், உன் மூத்தார்தான், என் முக்காட்டைப் போத்திக்கிட்டு, இருட்டு விலகறதுக்குள்ள நாலு நாள் இறங்கினார். பாசிக்கு ஒண்ணும் ஆகலை. போதுமா? வெளியில மூச்சு விட்டே... நான் மனுஷியா இருக்க மாட்டேன்.

கெல்லு: இத்தனை நாள் விட்டேனா? வரிசையில உன் பக்கத்து இடம் என்னோடதுதானே. முதல் நாளே அந்தக் காலைப் பார்த்துட்டேன். அள்ளத் தெரியாம மூத்தார் பாதியைக் கொட்டிட்டு நின்னார்... நாலு நாளும் உன் வாளியை நிரப்பினது நான்தான்க்கா.